விசாரணை

(செஞ்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று கொடுக்கப்பட்ட விஷயம் "விசாரணை" என்பதாகும். ஒரே ஒரு சொல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இன்று மாலை திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது நடந்த ஒரு சிறு சங்கதி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபர் போனில் யாரிடமோ, "மாமாவை நேத்து ராத்திரி விசாரணைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க" என்று சொன்னார். பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி, அவருக்கு உறவினரும் அல்லர், தெரிந்தவரும் அல்லர், உடனே திரும்பி, "ஐயோ, ரொம்ப அடிச்சிட்டாங்களாப்பா?" என்று கேட்டார்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "என்ன கேட்டார்கள்?" என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. "என்ன பதில் சொன்னார்?" என்றும் கேட்கவில்லை. விசாரணை என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் அவருக்கு அடிதான் ஞாபகத்திற்கு வந்தது. அகராதியைப் பார்த்தால் விசாரணைக்குக் கேள்வி, ஆராய்ச்சி என்றெல்லாம் பொருள் போட்டிருக்கும். ஜனங்களுடைய அகராதியிலோ அதற்கு உதை என்று பொருள். அகராதிக்கும் ஜனங்களுக்கும் இவ்வளவு பேதம் எப்படி வந்தது என்பதுதான் இன்றைக்கு நம் கேள்வி.

சொல் வந்த வழி

விசாரணை என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேரான விசாரம் என்பதற்கு அங்கே சிந்தித்தல், ஆராய்தல் என்று பொருள். அதே விசாரம் தமிழுக்கு வந்ததும் கவலை என்றாகிவிட்டது. "ஏன் விசாரமாக இருக்கிறாய்?" என்றால் ஏன் கவலையாக இருக்கிறாய் என்றுதானே அர்த்தம்? நம் நாட்டில் சிந்திக்கத் தொடங்கினவனுக்குக் கவலைதான் மிச்சம் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது!

நம் வீட்டில் இந்தச் சொல்லுக்கு நல்ல பொருளும் உண்டு. "அவரை விசாரித்ததாகச் சொல்லு" என்கிறோம். அது அன்பு. சாவு வீட்டிற்குப் போய்த் துக்கம் விசாரிக்கிறோம். அது ஆறுதல். பெண் பார்க்கப் போகுமுன் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். அது முன்யோசனை. இவற்றில் எதிலும் கம்பும் இல்லை, லத்தியும் இல்லை.

பிறகு மடங்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. கோயில் கட்டளைகளைக் கவனிக்கிற தம்பிரானுக்குக் கட்டளை விசாரணை என்று பெயர். ஆனால் அவருடைய கணக்கை நீங்களும் நானும் விசாரிக்க முடியாது. கிறிஸ்தவர்கள் பங்குச் சாமியாரை விசாரணைக் குரு என்றார்கள். அங்கும் விசாரிக்கப்படுகிறவர்கள் ஜனங்கள்தான். இப்படியாக, இருவர் பேசிக்கொள்ளும் காரியமாக இருந்தது, மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை மேய்க்கிற காரியமாக மாறிற்று.

கடைசியாகக் கோர்ட்டும் போலீசும் இதை எடுத்துக்கொண்டன. அங்கே நேர்ந்த குழப்பத்தைக் கவனியுங்கள். இங்கிலீஷ் சட்டத்தில் போலீசார் துப்புத் துலக்குவதற்கு ஒரு சொல், மாஜிஸ்திரேட் ஆராய்வதற்கு வேறொரு சொல், கோர்ட்டில் வழக்கு நடப்பதற்கு மூன்றாவது சொல், ஒருவனை எதிரில் வைத்துக் கேள்வி கேட்பதற்கு நாலாவது சொல். தமிழில் இந்த நாலுக்கும் நாம் விசாரணை என்றே சொல்லுகிறோம். புலன் விசாரணை, நீதி விசாரணை, குறுக்கு விசாரணை என்று முன்னால் ஒட்டுப் போடுவது வக்கீல்களும் பத்திரிகைகளும்தான். குடியானவர் வெறுமனே "விசாரணை" என்றுதான் சொல்லுகிறார். அதனால் விளைந்த கெடுதி என்னவென்றால், போலீஸ் ஸ்டேஷனே கோர்ட்டு, இன்ஸ்பெக்டரே ஜட்ஜு, அங்கே கிடைக்கிற அடியே தண்டனை என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். போலீசாரிலும் பலர் அப்படியே நினைத்துவிட்டார்கள்.

இங்கிலீஷ்காரர்களின் நாலாவது சொல்லாகிய "இன்டராகேஷன்" லத்தீனிலிருந்து வந்தது. "இன்டர்" என்றால் இடையே. "ரோகாரே" என்றால் கேட்டல். ஆக, இரண்டு பேருக்கு இடையே நடக்கும் கேள்வி என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். கேட்பவன் ஒருவன், சொல்பவன் ஒருவன். சொல்பவனுக்கு வாய் இருக்க வேண்டும், அந்த வாயில் இரத்தம் இருக்கக் கூடாது. இது லத்தீனிலேயே இருக்கிறது!

ஆறு வினா

நம் தமிழ் இலக்கணமும் இதில் சளைத்ததல்ல. நன்னூல் செய்த பவணந்தி வினாவை ஆறாகப் பிரித்தார். தனக்கு விடை தெரிந்தே கேட்பது அறிவினா, உபாத்தியாயர் பிள்ளையைக் கேட்பது போல. தெரியாமல் கேட்பது அறியா வினா, பிள்ளை உபாத்தியாயரைக் கேட்பது போல. கயிறோ பாம்போ என்பது ஐய வினா. கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்பது கொளல் வினா. "உனக்குச் சட்டை இல்லையா?" என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. "படித்தாயா?" என்று படிக்கச் சொல்லுவதற்காகக் கேட்பது ஏவல் வினா.

ஒரு களவு நடந்துவிட்டது. யார் செய்தார்கள் என்று தெரியாது. அப்போது கேட்கப்படும் கேள்வி எதுவாக இருக்க வேண்டும்? அறியா வினாவாகவோ ஐய வினாவாகவோதானே இருக்க வேண்டும்? ஆனால் ஸ்டேஷனில் நடப்பது என்ன? "நீதானேடா எடுத்தாய்?" என்கிறார்கள். இது கேள்வியே அல்ல. "எடுத்தேன் என்று சொல்" என்ற உத்தரவு. ஏவல் வினா! கையில் நாலு காசு உள்ளவன் அகப்பட்டால் அதுவே கொளல் வினாவாகவும் ஆகிவிடுகிறது. கொடை வினாவை மட்டும் அந்தப் பக்கத்தில் நான் கேட்டதில்லை.

இது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. விடையை முதலில் தீர்மானித்துக்கொண்டு பிறகு கேட்கிற கேள்வி எதுவும் விசாரணை ஆகாது. அது நம்பிக்கைக்குச் சாட்சி தேடுகிற காரியம். மதவாதிகள் செய்வதும் இதுதான். 1633-இல் ரோமாபுரியில் கலிலியோ என்ற அறிஞரை, ஏறக்குறைய 70 வயதுக் கிழவரை, விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தினார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்று அவர்கள் ஆராயவில்லை. சுற்றவில்லை என்று சொல்லிவிடு என்று மண்டியிடச் செய்தார்கள். அவரும் சொல்லிவிட்டார். பூமி நின்றுவிட்டதா? 1992-இல்தான் ரோமாபுரி தன் தவறை ஒப்புக்கொண்டது. ஒரு விசாரணை தப்பு என்று தெரிந்துகொள்ள 359 வருஷம்!

கிட்டியும் அநுந்தாலும்

"இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி" என்பீர்கள். நம் சென்னை மாகாணத்துச் சங்கதியையே சொல்லுகிறேன். கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஜில்லா கலெக்டரே மாஜிஸ்திரேட்டு. அவருக்குக் கீழே தாசில்தாரே வரி வசூலிப்பவர், அவரே போலீஸ் தலைவர். வரி கேட்கிறவனும், வரி கொடாதவனைப் பிடிக்கிறவனும், அடிக்கிறவனும், அடித்ததாகப் புகார் வந்தால் அதைக் கேட்கிறவனும் ஒரே கச்சேரியில் இருந்தார்கள். மழை பொய்த்தாலும் தீர்வை பொய்க்கக் கூடாது. குடியானவன் "இல்லை" என்றால், "ஒளித்து வைத்திருக்கிறாய், சொல்" என்று விசாரணை நடக்கும்.

அந்த விசாரணைக்குக் கருவிகள் இருந்தன. கிட்டி என்பது இரண்டு கழிகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியது. எலுமிச்சம்பழம் பிழிவது போல அதன் நடுவே விரல்களை வைத்து நெரிப்பார்கள். அநுந்தால் என்பது ஆளைக் குனிய வைத்து, கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் பிணைத்து, முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது. நான் கதை கட்டுவதாக நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரச் சர்க்காரே அச்சிட்ட அறிக்கையில் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றை மொழிபெயர்க்க அவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை போலும்!

அந்த அறிக்கை எப்படி வந்தது? சென்னையில் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்று ஒருவர் இருந்தார். "கிரசென்ட்" என்ற பத்திரிகையை நடத்தினவர். 1852-இல் சென்னை ஜனச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். 1853-இல் பார்லிமெண்டு அங்கத்தினரான டான்பி சீமோர் என்பவர் இங்கு வந்தபோது, அவரைக் கிராமங்களுக்கு அழைத்துப்போய்க் குடியானவர்களின் கதியைக் கண்ணால் காணச் செய்தார். 1854-இல் அந்தச் சங்கதி பார்லிமெண்டில் பேசப்பட்டது. மறுக்க முடியாமல் சென்னைச் சர்க்கார் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷனை நியமித்தது. 1855-இல் அறிக்கை வந்தது.

கமிஷனுக்கு வந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 பேர் நேரிலேயே வந்து சொன்னார்கள். மற்றவை கடிதங்கள். ரயில் இல்லாத காலம். பல நாள் நடந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, நெரிந்த விரலைக் காட்டுவதற்காகச் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். அதுவரை அவர்களை யாரும் "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டதில்லை. அதுதான் அவர்கள் வாழ்க்கையில் கேட்கப்பட்ட முதல் அறியா வினா! அந்த அறிக்கையை லண்டனில் படித்த காரல் மார்க்ஸ் 1857-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். நம் குடியானவன் விரலை நெரித்த கிட்டி உலகத்தின் காதுக்கு எட்டியது அப்படித்தான்.

கமிஷன் சித்திரவதை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைப் பெரும்பாலும் நம்மவர்களான சிப்பந்திகள் தலையில் போட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளைத் தப்பவிட்டது. கிட்டியைப் பிடித்த கை கறுப்புக் கைதான். ஆனால் அதனால் வந்த பணம் யார் கஜானாவுக்குப் போயிற்று என்று மார்க்ஸ் போன்றவர்கள் கேட்டார்கள். எப்படியோ, 1859-இல் போலீசைத் தனி இலாகாவாக்கினார்கள். 1860-இல் வந்த பீனல் கோடில், ஒப்புதல் வாங்குவதற்காக ஒருவனை வதைப்பது குற்றம் என்று எழுதினார்கள். அதற்கு உதாரணமாக, வரிப் பாக்கிக்காக ஒருவனை வதைக்கிற ரெவினியூ அதிகாரியையே அந்தச் செக்‌ஷனில் காட்டினார்கள். பிறகு சாட்சிச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுவது அவனுக்கு விரோதமாகச் செல்லாது என்றும் எழுதினார்கள். எந்த நாட்டுச் சட்டமும் தன் போலீசைப் பார்த்து "நீ வாங்கின ஒப்புதலை நான் நம்பமாட்டேன்" என்று இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

நான் சொன்ன பொய்

நிற்க. சட்டம் ஏன் நம்பவில்லை? அடித்தால் உண்மை வராதா? நம் ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று நம்புகிறவர்கள்தான். அவர்களுக்கு என் சொந்தச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். இதை நான் இதுவரை மேடையில் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. பரீட்சைக்காகப் பிள்ளைகளிடம் வாங்கி வைத்த பணம் உபாத்தியாயர் மேஜையிலிருந்து காணாமற் போயிற்று. கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். விசாரணை என்றால் பிரம்பு. என் முறை வந்தது. "தெரியாது" என்றேன். அடி. மறுபடியும் "தெரியாது" என்றேன். மறுபடியும் அடி. எத்தனையாவது அடியோ, எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. "தெரியாது" என்று சொல்லும்வரை அடி நிற்காது. யாராவது ஒருவன் பெயரைச் சொன்னால் நின்றுவிடும். உடனே ஒரு பெயரைச் சொன்னேன். அடியும் நின்றது.

யார் பெயரைச் சொன்னேன்? எங்கள் வகுப்பில் சேரியிலிருந்து வந்து படித்த ஒரே பையன் பெயரை. அவன் எனக்கு விரோதியல்ல. விளையாட்டில் என் பக்கம்தான் இருப்பான். பிறகு ஏன் அவன் பெயர் என் வாயில் வந்தது? அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் உடனே நம்புவார்கள் என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. உபாத்தியாயரும் நம்பினார். அவனுக்கு விழுந்த அடி எனக்கு விழுந்ததைப் போலப் பல மடங்கு. கடைசியில் அவனும் "எடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டான். எங்கே வைத்தாய் என்று கேட்டபோது ஏரிக்கரை என்றான், மாமரத்தடி என்றான், வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். மூன்று நாள் கழித்து வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்ளிருந்து பணம் கிடைத்தது. வைத்தவர் உபாத்தியாயரே. வைத்ததை மறந்துபோனார். அந்தப் பையன் பிறகு பள்ளிக்கூடத்திற்கு வரவில்லை.

தோழர்களே! அங்கே நடந்த விசாரணையில் ஒரு சாட்சி கிடைத்தது. அது நான். ஒரு ஒப்புதல் கிடைத்தது. அது அவன். இரண்டும் பொய். அடி உண்மையைக் கொண்டு வராது. அடியை நிறுத்தக்கூடிய வார்த்தை எதுவோ அதைக் கொண்டு வரும். அடிக்கிறவன் எதை எதிர்பார்க்கிறானோ அதுதான் அந்த வார்த்தை. மந்திரவாதியிடம் போய் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறார்கள். அவன் ஒரு பெயரைச் சொல்லுகிறான். அந்தப் பெயர்காரனைப் பிடித்து உதைக்கிறார்கள். அவன் வலி தாங்காமல் ஒப்புக்கொள்ளுகிறான். உடனே "மை பொய்க்காது" என்கிறார்கள்! மைக்குச் சாட்சி உதை, உதைக்குச் சாட்சி மை.

இதில் நம் நாடு மட்டும் மோசம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 1989-இல், ஒரு பெண்ணைத் தாக்கிய வழக்கில் 14 முதல் 16 வயது வரையுள்ள ஐந்து பையன்கள் தண்டிக்கப்பட்டார்கள். மணிக்கணக்காக நெருக்கிக் கேட்டதில் அவர்களில் நால்வர் காமிராவுக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2002-இல் வேறொருவன் தானே செய்ததாகச் சொன்னான். டி.என்.ஏ. பரிசோதனையும் அவனையே காட்டிற்று. ஐந்து பேர் மீதிருந்த தீர்ப்பு ரத்தாயிற்று. அவர்கள் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சத்தாரும் ஆவார்கள். எங்கள் வகுப்பில் சேரிப் பையன், அங்கே கறுப்புப் பையன்!

யாரை விசாரிப்பது?

ஆகவே எப்படி விசாரிப்பது என்பது மட்டும் கேள்வியல்ல. யாரை விசாரிப்பது என்பதும் கேள்வி. மனுஸ்மிருதியின் எட்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள். சாட்சியைக் கேட்கும்போது பிராமணனை "சொல்" என்று கேட்டால் போதுமாம். சத்திரியனை "உண்மையைச் சொல்" என்று கேட்க வேண்டுமாம். வைசியனுக்குப் பசு, தானியம், பொன் இவற்றைச் சொல்லி எச்சரிக்க வேண்டுமாம். சூத்திரனுக்கோ எல்லாப் பாவங்களையும் சொல்லிப் பயமுறுத்த வேண்டுமாம். உண்மை பேசுவதும் பொய் பேசுவதும் பிறப்பிலேயே இருக்கிறது என்பதுதான் இதன் தத்துவம்.

வெள்ளைக்காரனும் இதையே சட்டமாக்கினான். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-இல் அதைச் சென்னை மாகாணத்திற்கும் நீட்டினான். ஒரு ஜாதியில் பிறந்தவன் என்பதற்காகவே ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கூப்பிட்டபோதெல்லாம் ஆஜராக வேண்டும். தொட்டிலில் இருக்கும்போதே சந்தேகக் கேஸ்! நம் மாகாணத்தில் 1947-இல் அது ஒழிந்தது. இந்தியா முழுவதும் 1952-இல் ஒழிந்தது. சட்டம் ஒழிந்ததே தவிர, சந்தேகம் ஒழிந்ததா?

1993-இல் கம்மாபுரம் போலீசார், முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணு என்பவரை ஒரு நகைத் திருட்டுக்காக விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அந்த ஊரும் இந்தச் செஞ்சியும் ஒரே தென்னாற்காடு ஜில்லா. அவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். அவர் மனைவி ஹைகோர்ட்டுக்குப் போய், என் புருஷன் எங்கே என்று கேட்டார். எழுத்தறியாத ஒரு பெண் கேட்ட அந்த ஒரு கேள்வியால்தான் உண்மை வெளியாகி, வெகு வருஷத்திற்குப் பிறகு போலீசார் தண்டனை அடைந்தார்கள். ஸ்டேஷனில் நடந்ததற்கு விசாரணை என்று பெயர் வைத்தார்கள். உண்மையான விசாரணையைச் செய்தவர் அந்த அம்மாள்தான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தகப்பனையும் மகனையும் கொண்டுபோனார்கள். இருவரும் மாண்டார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்தில் நகை காணோம் என்ற புகாருக்காகக் கோயில் காவலாளி ஒருவரைக் கொண்டுபோனார்கள். அவரும் மாண்டார். ஒவ்வொரு தடவையும் நாம் கண்ணீர் விடுகிறோம். மறு மாதம் நம் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் காணாமற் போனால், "நாலு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவான்" என்று நாமே போலீசாருக்கு யோசனை சொல்லுகிறோம். அதுவும் யாரைக் காட்டுகிறோம்? குடத்தைத் தூக்கிப்போக வழியிருந்த பக்கத்து வீட்டுக்காரனையா? இல்லை. ஊருக்கு வெளியே குடிசை போட்டிருக்கும் இருளனைக் காட்டுகிறோம். நான் பத்து வயதில் செய்ததை நீங்கள் ஐம்பது வயதில் செய்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். அடி வாங்கியாவது நான் சொன்னேன். நீங்கள் அடி வாங்காமலேயே சொல்லுகிறீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

அழுவதனால் பயனில்லை. சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்வதுதான் பயன். 2024 ஜூலை 1 முதல் பழைய கிரிமினல் சட்டங்களை மாற்றி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்றும் வேறு விதமாகவும் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நம் வாயில் நுழையாது. ஆனாலும் உள்ளே இருக்கிற உரிமை நம்முடையதுதான்.

சாட்சி கேட்பதற்காக ஒருவரை ஸ்டேஷனுக்கு வரவழைக்க வேண்டுமானால் போலீசார் எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும், ஊனமுற்றவர்களையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே கேட்க வேண்டும். கேட்கிற கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதைச் சொல்லுகிறது. போலீசார் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுபோக வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு. மாஜிஸ்திரேட்டு "ஏதாவது புகார் உண்டா?" என்று கேட்பார். அங்கே வாயைத் திறக்க வேண்டும். அங்கே வாயை மூடிக்கொண்டு வீட்டில் வந்து அழுவதில் பிரயோஜனம் இல்லை.

கைது செய்வதற்கு இன்னின்ன முறை என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் டி.கே. பாசு வழக்கில் வரையறுத்தது. உண்மையை வரவழைக்கும் மருந்து என்று ஊசி போட்டு உளற வைப்பதையும், பொய் காட்டும் கருவியை மாட்டுவதையும் ஒருவருடைய சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் சொல்லிற்று. ஸ்டேஷன்களில் காமிரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சொல்லிற்று. இவ்வளவும் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் சித்திரவதையை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஒப்புதல் செல்லாது என்கிற சட்டமே, போலீஸ் காவலில் உள்ளவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைப் பற்றி அவன் சொன்ன பகுதி மட்டும் செல்லும் என்கிறது. அதனால்தான் "எங்கே வைத்தாய்?" என்ற கேள்விக்கு அவ்வளவு அடி விழுகிறது. எங்கள் உபாத்தியாயர் சட்டம் படித்தவரல்ல, ஆனால் அவரும் அதே கேள்வியில்தான் வந்து நின்றார்.

போலீசார் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். "இரண்டு நாளில் கண்டுபிடி" என்று மேலதிகாரி நெருக்குகிறார். ரேகையும் தடயமும் பார்த்துப் பொறுமையாகத் துலக்க நேரமில்லை. லத்திக்கு நேரம் வேண்டாம். ஆனால் இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் போலீசார் மிரட்டித்தான் கேட்டார்கள். பொய் ஒப்புதலால் நிரபராதிகள் வருஷக்கணக்காகச் சிறையில் கிடந்தது வெளியான பிறகு, கேள்விகளையும் பதில்களையும் டேப்பில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினார்கள். 1992-இல் "இன்டராகேஷன்" என்ற சொல்லையே விட்டுவிட்டு, பேட்டி என்ற பொருள்பட வேறு சொல்லை வைத்துக்கொண்டு, ஒப்புதலைத் தேடாமல் தகவலைத் தேடும்படி போலீசாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் அங்கே திருடன் யாரும் ராஜாவாகிவிடவில்லை.

கிணறும் கேள்வியும்

முடிக்குமுன் உங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று. இந்தச் செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அதன் பிறகு வெளியூரார் வருவதும் பெருகியிருக்கிறது. சக்கரக்குளத்திற்குப் பக்கம் ஒரு பெரிய பாறையில் இயற்கையாக அமைந்த பொந்தும், அதன் வாயில் செங்கல் சுவரும் இருக்கின்றனவே, அதைக் கைதிகள் கிணறு என்று காட்டுகிறீர்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளி, சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிடுவார்கள் என்று சொல்லுகிறீர்கள். கேட்கிறவர்கள் "அப்படியா!" என்று வாயைப் பிளந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நான் கேட்பது இரண்டு கேள்வி. முதலாவது, இதற்கு ஆதாரம் என்ன? எந்தக் கல்வெட்டு, எந்த ஏடு? கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, அது நிஜமாகவே இருக்கட்டும். நாயக்கர் ஆண்டார், பீஜப்பூரார் ஆண்டார், 1677-இல் சிவாஜி பிடித்தார், 1698-இல் மொகலாயர் பிடித்தார், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் இங்கிலீஷ்காரர். இவர்களில் யார் காலத்தில், யாரைத் தள்ளினார்கள்? அவன் செய்த குற்றம் என்ன? அவனை யார் கேட்டார்கள்? அவன் என்ன பதில் சொன்னான்? கதையில் ராஜா இருக்கிறார், கைதி இருக்கிறான், கிணறு இருக்கிறது. விசாரணை மட்டும் இல்லை! அது இல்லாததை இத்தனை தலைமுறையாக ஒருவரும் கவனிக்கவும் இல்லை. தண்டிக்கப்பட்டவன் குற்றவாளியாகத்தான் இருப்பான் என்று நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கை இருக்கிறவரையில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கைதிகள் கிணறு இருக்கத்தான் செய்யும்.

ஆகவே தோழர்களே! விசாரணை என்ற சொல்லைப் போலீசாரிடமும் மடத்தாரிடமும் விட்டுவிடாதீர்கள். அது நம் சொல். ஒரு புகார் வந்தால், யார் மேல் என்று பார்க்குமுன் என்ன ஆதாரம் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் ஒருவரை விசாரணைக்குக் கொண்டுபோனால், வேடிக்கை பார்க்காமல் நாலு பேராகச் சேர்ந்து ஸ்டேஷன் வரை போய், எதற்காக, எந்த உத்தரவின் மேல் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல. உங்கள் பிள்ளை தப்பு செய்தால் கம்பை எடுக்குமுன், ஏன் செய்தாய் என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லுகிறவரை பொறுத்திருங்கள். வீட்டில் அடித்துக் கேட்டுப் பழகினவன்தான் பிறகு ஸ்டேஷனில் அடித்துக் கேட்கிறான்.

நான் சொன்ன வருஷங்களையும் சட்டங்களையும் சரிதானா என்று தெரிந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து கேட்கலாம். எந்தக் கேள்வியானாலும் சரி, என்னால் ஆனவரை பதில் சொல்லக் காத்திருக்கிறேன். யாரும் யாரையும் அடிக்கப் போவதில்லை!